பேய் இல்லாத கதை

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் சில மாதங்கள் என்னோடு வந்துகொண்டிருந்த ஒருவர், மாத நாவல்களில் பேய்க்கதை எழுதுபவர். ஒல்லியான உடம்பில் தொளதொளவென்று சட்டை. கதை சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். கையில் மயிர் சிலிர்க்கிறதா என்றுதான் பார்ப்பார். பேயை எதுவரை ஒளித்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் கேட்டேன்: "நீங்க எழுதினதுல உங்களையே பயமுறுத்தின கதை எது சார்?"

"முடிச்சூர்ல வெள்ளம் வந்தப்ப என் வைஃப் கீழ் வீட்ல மாட்டிக்கிட்டா. நான் மாடியில இருந்தேன். அவ கூப்பிட்டது கேட்டுச்சு, இறங்க முடியல. போயிட்டா. அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'பேயே இல்லையே சார், யாரு படிப்பா?'ன்னு எடிட்டர் திருப்பிக் கொடுத்துட்டார்."

"அப்புறம்?"

"அவளைப் பேயா வர வெச்சேன். என் புக்லயே அதுதான் நல்லா ஓடுச்சு."

அந்த நாவலை நான் தேடி வாங்கிப் படித்தேன். மனைவி திரும்பி வந்து கணவனைத் துரத்தித் துரத்திக் கொல்கிறாள். அவள் அவனை மன்னிப்பதாக ஒரு வரியாவது அவர் எழுதியிருக்கலாம். எழுதியவர் அவர்தானே.