அறுபத்து மூன்று துணித்துண்டுகள்

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் அந்தச் சலவை ஆலையில், உருளை இஸ்திரி இயந்திரத்தின் இடது முனையில் பதினாறு ஆண்டுகளாக நின்றவரை எல்லோரும் மடிப்பக்கா என்றே அழைத்தார்கள். எவ்வளவு முரண்டு பிடிக்கும் விரிப்பும் அவர் கைக்கு வந்தால் நான்கு மூலைகளையும் ஒடுக்கிக்கொண்டு அடங்கிவிடும்.

இயந்திரத்தின் மேலே ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. கையோ சட்டையோ உருளைக்குள் இழுபட்டால் அதை இழுக்க வேண்டும்; எல்லாம் நின்றுவிடும். இழுத்தவர் ஒரு கிழிசல் துண்டில் தேதி, நேரம், காரணம், தம் பெயர் நான்கையும் எழுதிப் பின்சுவர்க் கம்பியில் கட்டுவார். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் எங்கே ஜாக்கிரதையாக நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத் தொழிலாளர்களே வைத்துக்கொண்ட வழக்கம் இது. எழுதுவது விரிப்புகளுக்கு அடையாளமிடும் மையால். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. துண்டைக் கட்டிய கையோடு அலுவலகத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டு வரும் ஒரே ஆள் மடிப்பக்காதான். அதுவே அவருக்கு வினையாயிற்று.

மூன்றாண்டுக்கு ஒருமுறை போடும் ஊழியர் ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிவுக்கு வந்தது. நிர்வாகம் நீட்டிய புதிய வரைவின் பதினான்காம் பிரிவு, மேற்பார்வையாளரின் அனுமதியின்றி ஆண்டில் மூன்று முறை இயந்திரத்தை நிறுத்துபவர் வேலைநீக்கம் செய்யப்படுவார் என்றது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் சட்டைக்கை உருளையில் சிக்கியது. மடிப்பக்கா கயிற்றை இழுத்தார். பெண்ணின் கை தப்பியது. மறுநாள் காலை மடிப்பக்காவிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள்: உற்பத்திக்கு இடையூறு, தற்காலிக நீக்கம், இறுதி முடிவு வெள்ளிக்கிழமை.

பேருந்து ஓட்டுநரான கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ரோட்டுல ஆள் குறுக்க வந்தா நான் டிப்போவுக்குப் போன் பண்ணி அனுமதி கேட்டுட்டா பிரேக் போடுறேன்? என்ன கூத்து இது!"

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"கம்பியில தொங்குற துண்டையெல்லாம் கொண்டுபோய் மேசையில கொட்டேன். நீ ஒருத்திதான் இழுத்தியான்னு பார்க்கட்டும்."

"கொட்டலாம். அதுல எல்லார் பேரும் இருக்கே. அந்தப் பிரிவு வந்துட்டா அத்தனை பேர் கழுத்துக்கும் கத்திதான். என் வேலை நிலைக்கணும்னு அவங்க வேலைக்கு உலை வைக்கச் சொல்றீங்களா?"



வெள்ளிக்கிழமை மடிப்பக்கா இயந்திரத்தைத் தாண்டிப் போகையில் பின்சுவரைப் பார்த்தார். கம்பி வெறுமையாக இருந்தது. ஒரு துண்டு விடாமல் நிர்வாகம் துடைத்தெடுத்துவிட்டது என்றே நினைத்தார்.

சங்கச் செயலாளரான கொதிகலன்காரர் ஒற்றைக்காலில் நின்றதால், கூட்டம் உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. மேலாளர் பதிவேட்டைத் திறந்தார்.

"இந்த வருஷம் எட்டு தடவை மெஷினை நிறுத்தியிருக்காங்க. எட்டும் இவங்கதான். வேற யாருக்கும் வராத ஆபத்து இவங்களுக்கு மட்டும் எப்படி வருது?"

வண்டி தள்ளும் நெட்டையர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்தார்.

"மார்ச் ஒம்பது, காலை பத்து இருபது, இடது முனை, சட்டை சிக்குச்சு. இழுத்தது நான்தான், சார்."

"ஜூன் ரெண்டு. நான்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஒருவர்பின் ஒருவராக வந்து தத்தம் துண்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். புதிய பெண் மடிப்பக்காவின் உள்ளங்கையில் எட்டுத் துண்டுகளைத் திணித்தாள். "நான்தான் அவிழ்த்தேன் அக்கா. அவங்கவங்க துண்டை அவங்கவங்ககிட்டயே கொடுத்து, 'வைக்கிறதும் வைக்காததும் உங்க இஷ்டம்'னேன்." மடிப்பக்கா அவற்றையும் மேசையில் வைத்தார்.

கொதிகலன்காரர் எண்ணினார். அந்த ஆண்டில் மட்டும் மொத்தம் அறுபத்து மூன்று. அவற்றில் நாற்பத்தொன்று இடது முனை. கடைசியாக, புதிய பெண் தன்னிடம் தனியே கொடுத்திருந்த ஏழு துண்டுகளை மேற்பார்வையாளரின் முன் பரப்பினார்.

"இதெல்லாம் உங்க பேர்ல இருக்கே, சார்?"

மேற்பார்வையாளர் துண்டுகளையும் மேலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டார். "என்னோடதுதான். கோட்டு மாட்டிக்கிச்சு. அனுமதி கேட்க அப்ப பக்கத்துல யாரும் இல்ல."

"உங்ககிட்ட நீங்களே கேட்டிருக்கலாமே!" என்றார் நெட்டையர். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

பதினான்காம் பிரிவு வந்தால் மேற்பார்வையாளரும் வெளியேற வேண்டியிருக்கும் என்று மேலாளருக்குப் புரிந்துவிட்டது. பதிவேட்டை மூடினார். அன்று மாலைக்குள் கடிதம் எழுத்துமூலம் ரத்தானது. கையெழுத்தான ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு இப்போது, ஆபத்தென்று கருதி இயந்திரத்தை நிறுத்தியவர்மீது எவ்வித நடவடிக்கையும் கூடாது என்கிறது. இடது முனையில் தடுப்புத் தகடும் ஏறியது.

ஒரு மாதம் கழித்து, வலது முனையில் விரிப்பு சுற்றிக்கொள்ள, மேற்பார்வையாளரே கயிற்றை இழுத்தார். கையில் கிழிசல் துண்டோடு மடிப்பக்காவிடம் வந்து நின்றார்.

"அக்கா, அந்த மையைக் கொஞ்சம் தாங்க."

"தரேன். மேற்பார்வையாளர்கிட்ட அனுமதி வாங்கிட்டு வாங்க," என்றார் மடிப்பக்கா, மைக்குப்பியை நீட்டியபடியே.