டூட்டி சாமான்

சங்கரேஸ்வரி யாருடைய பெயரையும் கேட்பதில்லை. உடையின் நிறம் போதும். "ஏ கிளிப்பச்ச, போதும் எறங்கு. ரோஸ் சுடிதாரு, கம்பியப் பிடி. வயலட்டு அக்கா, பல்லுசெட்டு வாயில இருக்கா, தடவிப் பாத்துக்கிடுங்க. நேத்து ஒண்ணு தண்ணியோட போயிட்டு." பாறையின் மேல் நின்றுகொண்டு, அருவியின் இரைச்சலுக்கு மேல் இதைச் சொல்லி முடித்துவிட்டு விசிலை வாயில் வைப்பாள். சின்னதாக ஒரு ஊதல் என்றால் நகர வேண்டும். இரண்டு என்றால் அடுத்த கூட்டம் வரலாம். நீளமாக ஊதினால் கேள்வி கேட்காமல் படியேறிவிட வேண்டும்.

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அருவியின் பெண்கள் பக்கம் அவளுடையது. போலீஸ் வேலையில் பன்னிரண்டு வருஷம். அதில் ஏழு சீசன் இந்தப் பாறைதான். காலை ஆறு மணிக்கு ஏறினால் பகல் இரண்டு மணிக்குத்தான் இறங்குவாள். சாரலில் காக்கி கறுத்து உடம்போடு ஒட்டியிருக்கும். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். டீயைக்கூட பாறையில் நின்றேதான் குடிப்பாள், பாதி டீ பாதி அருவி.

கீழ்ப்படியில் பதினோரு ஜோடிச் செருப்புகளுக்கும் நான்கு பைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, மாஜிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் தென்காசியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. மாஜிதா கல்யாணமாகி ஷார்ஜா போய்விட்டாள். சீசனும் பிள்ளைகளின் லீவும் ஒத்துவந்து அவள் ஊருக்கு வந்தது ஆறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான். நாளை இரவு திருவனந்தபுரத்தில் விமானம். அருவியில் நிற்பதற்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு நாள். அந்த நாளைப் பார்த்துத்தான் அவளுக்கு இப்படி ஆயிற்று.

குற்றாலத்துக்கு வரும் ஒவ்வொரு வேனிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். "எனக்குத் தடுமன், நீங்க குளிங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்புக்குக் காவல் இருப்பாள். அது என்ன ஜலதோஷம் என்று யாரும் கேட்பதில்லை. நாத்தனார் ஜைனப்பும் கேட்கவில்லை. தன் வளையல்களையும் கழற்றி மாஜிதாவின் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்கு டீ வாங்கக் கம்பியோரம் வந்த சங்கரேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, தடுமனா?"

"ஆமா."

"எத்தனாவது நாள் தடுமன்?"

மாஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டாவது."

"எனக்கும் ரெண்டாவதுதான்" என்று சொல்லிவிட்டு டம்ளரோடு பாறைக்குத் திரும்பினாள்.

மாஜிதா மணியைப் பார்த்தாள். ஐந்து மணி நேரம். இடுப்பளவு சிதறும் தண்ணீரில், நனைந்த காக்கியில், ஒரு தடவை கூட இறங்காமல். தான் காலையிலிருந்து மூன்று முறை எழுந்துபோய்ச் சுடிதாரின் பின்பக்கத்தைச் சரிபார்த்து வந்ததை நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சங்கரேஸ்வரி பேச்சை நிறுத்தினாள். முகத்தை மேலே தூக்கி மோந்து பார்த்தாள். தண்ணீரோடு இரண்டு மூன்று பச்சை இலைகள் விழுந்தன. மாஜிதாவுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. நீளமாக ஒரு விசில். நூறு பெண்கள் முட்டி மோதிப் படியேறினார்கள். ஒருத்தி மட்டும் கண்ணை மூடி அருவிக்குள்ளேயே நின்றாள். விசில் அவள் காதில் விழவில்லை. சங்கரேஸ்வரி உள்ளே பாய்ந்து கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன் பிறகுதான் அருவி செம்மண் நிறத்துக்கு மாறி, முறிந்த கிளைகளோடு இறங்கியது.

குளிக்கத் தடை. தண்ணீர் தெளியும் வரை வேலை இல்லை என்றாலும் அவள் பாறையை விட்டு இறங்கவில்லை. அருவியைப் பார்த்தபடியே, கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற மாஜிதாவிடம் பேசினாள்.

"அஞ்சு வருசத்துக்கு முன்ன நான் பேடுதான் வச்சுக்கிட்டு நிப்பேன். நனஞ்சா பஞ்சுமூட்ட மாதிரி தொங்கும், தொட ரெண்டும் புண்ணு. மாத்துததுக்கு அந்தக் கடேசி கக்கூசுக்குப் போயி, வரிசையில நின்னு வரணும். ஒரு நாள் போயிட்டு வந்தேன். பதினெட்டு நிமிசம். வந்து பாத்தா சின்னப் புள்ள ஒண்ணு வழுக்கி விழுந்து தாடையெல்லாம் ரத்தம். நாலு தையல். யாரும் என்னைய ஒண்ணுஞ் சொல்லல." முகத்தில் வழிந்த சாரலைத் துடைத்தாள். "அதுக்கப்புறம் இங்கன நின்னா எறங்குததில்லன்னு வச்சிருக்கேன்."

பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ளும் மாதவிடாய்க் கப்பைப் பற்றி அவளுக்குச் சொன்னது, கூட வேலை பார்க்கும் சண்முகப்பிரியா; கபடிக்காரி. முதல் நாள் சங்கரேஸ்வரி அதை வைத்துவிட்டாள், எடுக்கத்தான் முடியவில்லை. குளியலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே போன் போட்டாள். "ஏட்டி, குத்தவச்சு உக்காரு. மூச்ச விடு. அது எங்கயும் போவாது, போறதுக்கு வழி கெடையாது" என்றாளாம் அவள். மூன்றாவது மாதம், உள்ளே ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

மாமியார் வள்ளித்தாய் கதை தனி. கொதிக்கவைத்துச் சன்னலோரம் காயவைத்திருந்த கப்பில் அளவுக்கோடு இருப்பதைப் பார்த்து, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு ஆளுக்கு ஒரு கப் நல்லெண்ணெய் அளந்துவிட்டார். தலையில் தேய்த்து ஊறிக்கொண்டிருந்த புருஷனிடம் சங்கரேஸ்வரி எதுவும் சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும் காதோடு சொன்னாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, அதைக் கொதிக்கவைக்கவென்றே ஒரு சின்னச் சட்டி வாங்கித் தனி ஆணியில் மாட்டினார். யாராவது அதை எடுக்கப்போனால், "அதத் தொடாத, அது எம் மருமவ டூட்டி சாமான்" என்பாராம்.

மாஜிதா சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்குட்டி. நாலு மாசமாச்சு வாங்கி."

"பின்ன?"

"மாசா மாசம் கொதிக்க வைக்கேன். தொடச்சு பையில போடுதேன். வச்சதில்ல."

"எதுக்குக் கொதிக்க வைக்க?"

"இந்த மாசம் வச்சிருவோம்னுதான். அப்புறம் பயமாயிருது. உள்ள மாட்டிக்கிட்டா அந்த ஊருல யார்ட்ட போயி சொல்லுவேன்?"

சங்கரேஸ்வரி சிரிக்கவில்லை. திரும்பித் தோழியை ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அருவியின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மணிக்குத் தண்ணீர் தெளிந்தது. இரண்டு ஊதல். ஜைனப்பும் மற்றவர்களும் மறுபடி ஓடினார்கள். இரண்டு மணிக்கு அடுத்த போலீஸ்காரி வந்து பாறையில் ஏறிக்கொள்ள, சங்கரேஸ்வரி இறங்கினாள். உடை மாற்றும் அறைக்குப் போனாள், வந்தாள். மாஜிதாவின் கடிகாரத்தில் நான்கு நிமிடம். முழங்கை வரை கழுவிய கையில் சோப்பு வாசனை.

"காலைலயும் கொதிக்க வச்சியா?"

"வச்சேன்."

"அந்த அறையில கொழாய் இருக்கு. கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவு. அவசரப்படாத. வைக்க வரலன்னா வரலன்னு திரும்பி வந்துரு, ஒண்ணுங் கெட்டுப்போவாது. எடுக்க வரலன்னா நான் இங்கனதான் இருக்கேன்."

மாஜிதா எழுந்தாள். கைப்பையைத் திறந்து, சின்னத் துணிப்பை இருக்கிறதா என்று பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். அருவிக்குள்ளிருந்து ஜைனப் எதற்கோ கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"செருப்பெல்லாம் கெடக்கு" என்றாள் மாஜிதா. "பையும் இருக்கு. வளையல் வேற."

எட்டு மணி நேரம் உட்காராத சங்கரேஸ்வரி, ஈரக் காக்கியோடு பதினோரு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். வளையல்களை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டாள். பைகளை மடிமேல் இழுத்து வைத்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, மாஜிதாவைப் பார்த்துச் சின்னதாக ஒரு ஊதல் ஊதினாள்.