ட்ரெமோலோவும் இரண்டு கேரம் காய்களும்

எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியில் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கிடாரில் சுரத்தை வளைக்கும் கைப்பிடி, அந்த ட்ரெமோலோ, யாருடையது உசத்தி? என்னுடையது ஸ்பிரிங் இழுப்பில் மிதப்பது. சுரத்தை ஏற்றும், இறக்கும். அவனுடையது இறக்க மட்டும்தான் செய்யும்.

"கம்பி அறுந்தா உன்னுது தாங்குமா மச்சான்? பாத்துடலாம்" என்று கட்டரை எடுத்தான்.

ஆளுக்கொரு கம்பியை வெட்டினோம். என் கிடாரில் மிச்சம் ஐந்தும் சுருதி ஏறி ஊளையிட்டன. அவனுடையது பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. அதற்குப் பிறகு அவன் அலட்டல் தாங்கவில்லை. அவன் குளிக்கப் போனபோது அவன் கிடாரின் பின்மூடியைக் கழற்றினேன். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பின்னால் சாயாதபடி உள்ளே முட்டுக் கொடுத்திருந்தவை, பி.ஜி.யே தேடிக்கொண்டிருந்த இரண்டு கறுப்புக் கேரம் காய்கள்.

மூச்சு விடாமல் மூடியை மாட்டினேன். நேராகக் கீழே கேரம் போர்டுக்குப் போனேன்.

மறுநாள் ஓனர் ஆன்ட்டி படியேறி வந்து கன்னடம் கலந்து கத்தினார்: "ஸ்ட்ரைக்கரும் இல்வா? யாருப்பா எடுத்தது?"

அவன் சந்தேகமாக என் கிடாரைப் பார்த்தான். நான் நிதானமாக அவனுடையதைப் பார்த்தேன்.

"தெரியலையே ஆன்ட்டி" என்றோம், ஒரே சுருதியில்.