ஏர் திரும்பாத இடம்

"உள்ளது உள்ளபடி படிம்மா. நான் வருத்தப்படுவேன்னு கொறைச்சுச் சொல்லாத" என்றார் நீலாம்பாள்.

"டவரோட நாலு காலும் ஊன்றின இடத்துக்கு மட்டும்தான் இழப்பீடாம், பெரியம்மா. நடுவுல இருக்கிற இடத்துல வழக்கம்போலப் பயிர் பண்ணிக்கலாமாம்."

"வழக்கம்போலன்னா?"

"முன்ன மாதிரியே."

"முன்ன ஏர் ஓட்டினோம். இப்ப அந்தக் காலுங்களுக்கு நடுவுல ஏரு திரும்பாதே, மாடு பறக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"ஆட்சேபணைக்கு எத்தனை நாளு?"

"பதினஞ்சு நாள்."

"அதுக்குள்ள ஆத்துல தண்ணி வந்துரும், ஏர் பூட்டிருவோம். விசாரிக்கிறவங்க வயலுக்கே வரணும்னு எழுது. ஆபீசுல வச்சுக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்ல."

அது 1990. திருவையாற்றுக்குக் கிழக்கே உயர் அழுத்த மின்பாதை போய்க்கொண்டிருந்தது. நான் தாலுகா அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். ஆங்கிலக் கடிதத்தோடு வருபவர்களை என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

நீலாம்பாள் பண்ணை வேலைக்காரர்களின் மகள். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்திலிருந்து எழுபத்து மூன்றில் அவருக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், கிடைத்தது. நிலத்தை இழந்தவரின் ஆட்கள் இரண்டு வருடம் மடையை அடைத்தார்கள். குடத்தில் மொண்டு ஊற்றியே நாற்றங்காலைக் காப்பாற்றியவர் அவர். அந்த மூன்று மாவின் நடுவில்தான் இப்போது டவர் நின்றது.

தண்ணீர் வந்த மறுவாரம் வருவாய் ஆய்வாளரும் சர்வேயரும் வந்தார்கள். குறிப்பெடுக்க நானும் போனேன். அங்கே வந்திருந்த மின்பாதைப் பொறியாளர் செல்லதுரை கெட்டவர் இல்லை. அவர் கையிலிருந்த விதி அப்படி.

"மூணு சென்ட் வருமா இது? இதுக்கா இவ்வளவு பேர்?" என்றார்.

"போகத்துக்கு முக்கால் மூட்டை நெல்லு சார். ஒங்களுக்கு மூணு சென்ட்டு."

"மண்வெட்டியால கொத்திக்கலாமே?"

"கொத்தலாம். வருசா வருசம் அந்தக் கூலிய எழுதித் தருவீங்களா?"

நீலாம்பாள் தன் கொழுந்தன் முருகையனைப் பார்த்துக் கையசைத்தார். அவர் ஏரை இறக்கினார். டவரைச் சுற்றி உழுதுகொண்டு வந்தவர், காலுக்கு இரண்டு கெஜம் இருக்கும்போதே மாட்டைத் திருப்பிவிட்டார். சர்வேயர் உதட்டைச் சுழித்தார்.

"நிறுத்து முருகையா! யார ஏமாத்துற? மாடு இன்னும் நாலு எட்டு போவும்" என்றார் நீலாம்பாள்.

"அண்ணி, ஒங்களுக்காகத்தான்..."

"எனக்காக ஒண்ணும் கிழிக்க வேணாம். கால ஒட்டி ஓட்டு."

ஏர் போகாத இடம் கூடினால் அவருக்கு இழப்பீடும் கூடும்; எல்லோருக்கும் முன்னால் அவர் அதையே குறைத்துக்கொண்டதைப் பார்த்து நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். முருகையன் முகம் சிவக்க ஒட்டி ஓட்டினார். மூன்றாவது சுற்றில் கொழு கான்கிரீட்டில் இடித்துக் கலப்பை பிளந்தது. மாடுகள் மிரண்டு நின்றன. உடைந்த கலப்பையைச் செல்லதுரையே குனிந்து தூக்கிக் கரையில் வைத்தார்.

"உழுத சால் வரைக்கும் அளங்க. உள்ள இருக்கறதெல்லாம் டவர் எடம்னு எழுதிக்கிறோம்" என்றார்.

மழைக்காலம் முடிந்து ஆணை வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். ஏர் எட்டாத நிலம் முழுவதற்கும் இழப்பீடு உண்டு என்று படித்துச் சொன்னேன். நீலாம்பாள் இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு காகிதத்தை என் பக்கமே தள்ளினார்.

"இதைத் தமிழ்ல எழுதிக் கொடும்மா. என் பேரு வேணாம். எப்படி அளந்தாங்கன்னு மட்டும் தெளிவா எழுது. மேலத்தெரு ரெங்கம்மா வயல்ல அடுத்த வாரம் டவருக்குக் குழி வெட்டறாங்க."