கூட்டி முடித்த இடம்

சுத்தமாகக் கூட்டி வைத்திருந்த சாலையில் குப்பையைக் கொட்டச் சொன்னவன் நான். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. நடந்ததை ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று அவர் என்னைத் தேடி வந்து கேட்டார். நான் எழுதித் தரவில்லை.

அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. மாணவர்கள் வகுப்புக்கு வெளியே ஊருக்காகச் செய்யும் வேலைக்கு மணிக்கணக்கு உண்டு. கணக்கு நிறைந்தால் சான்றிதழ். நல்ல பொறுப்பாளர் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் வேலையால் வந்ததல்ல, அறிக்கைகளால் வந்தது. தடித்த தாள், வண்ணப் படம், படத்தின் கீழே திருத்தமான இரண்டு வரி. அதில் நான் கெட்டிக்காரன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கிரிவலப் பாதை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாக்குமட்டைத் தட்டுகள், காகிதக் கப்புகள், தண்ணீர் பாட்டில்கள், மிதிபட்ட சாம்பார் சாதம். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் அரைக் கிலோமீட்டர் தூரத்தை எங்கள் மாணவர்கள் சுத்தம் செய்வதாக ஏற்பாடு. தொடங்கி வைக்க ஓர் அதிகாரி ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் ஆறரைக்கே போய்விட்டோம். அறுபது பேர், புதுத் துடைப்பம், கையுறை, தொப்பி, பேனர்.

ஏழு மணிக்கு அதிகாரி வரவில்லை. அவர் தொடங்கி வைக்கட்டும் என்று காத்திருந்தோம். ஒப்பந்த வேலை பார்க்கும் பெண்கள் விடியுமுன்னே கூட்டத் தொடங்கியிருந்தார்கள். எட்டரை மணிக்குள் சாலை துடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. கட்டிய மூட்டைகள் ஓரமாக வரிசையில் டிராக்டருக்குக் காத்திருந்தன. மாணவர்கள் டீ குடித்தபடி நின்றார்கள்.

"சார், கூட்ட ஒண்ணுமே இல்ல சார்," என்றான் ஒருவன். "வேணும்னா நாங்க இந்த டீ கப்பைக் கீழ போட்டுட்டு, திரும்ப எடுத்துக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் விளையாட்டாகச் சொன்னது எனக்கு வழியாகத் தோன்றியது. அதிகாரியின் கார் கிளம்பிவிட்டது என்று போன் வந்ததும், நான்கு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டச் சொன்னேன்.

அந்த இடத்தைக் கூட்டியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். ஓடி வந்து நான்காவது மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா சார் இது? இத்தினி படிச்சவங்க, கூட்டி முடிச்ச எடத்துல கொட்டுறீங்களே."

"அஞ்சு நிமிஷம்மா. போட்டோ எடுத்ததும் எங்க பசங்களே வாரிடுவாங்க."

"உங்க பசங்க எங்க வாரப்போறாங்க? கையில போட்டுக்கினு கீற உறையில அழுக்குகூட ஆவல."

மாணவிகள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெண்களை வேலை வாங்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இவங்களை அந்தப் பக்கம் அனுப்புங்க," என்றேன். அந்தப் பெண் எழுந்து நகர்ந்தார். நான்காவது மூட்டையும் சாலையில் விழுந்தது.

ஒன்பதரைக்கு அதிகாரி வந்தார். இறங்கியதும் அவர் பார்த்தது குப்பையைத்தான்.

"மணி என்ன ஆகுது? இன்னும் இங்க யாரும் கூட்டவே இல்லையா? இது யாரோட ஏரியா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் பேனரின் கயிறு தளர்ந்திருப்பதுபோல அதை இழுத்துக் கட்டினேன்.

"அதோ, அந்தம்மாவோடது சார்," என்றார் மேஸ்திரி.

"சார், நான் காலையிலயே..." என்று தொடங்கினார் அந்தப் பெண்.

"மொதல்ல வேலையைப் பாருங்கம்மா," என்றார் அதிகாரி. பிறகு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

படம் நன்றாக வந்தது. அறிக்கையில் அதன் கீழே, 'துப்புரவு நடைபெறாத பகுதியைத் தாமே முன்வந்து தூய்மைப்படுத்தும் மாணவர்கள்' என்று எழுதினேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் எழுந்து போனேன்.

"என்னை நிறுத்திட்டாங்க சார். கூட்டாம ஏமாத்திட்டேன்னு சொல்றாங்க. நீங்கதான் கொட்டச் சொன்னீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல காட்டுறேன்."

"நான் அவங்ககிட்ட பேசுறேன்மா."

"பேச வேணாம் சார். எழுதிக் குடுங்க."

"பேசுறேன், போங்க."

நான் பேசவில்லை. அந்த வாரம்தான் அறிக்கை மேலிடத்துக்குப் போயிருந்தது. அதிகாரி கல்லூரி முதல்வரிடம் என்னைப் பாராட்டியிருந்தார். இரண்டையும் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. அவர் இன்னொரு முறை வந்தார். நான் வகுப்பில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகு வரவில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து, கல்லூரியில் ஒரு விழாவுக்கு அழைத்தார்கள். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னை வரவேற்று நடைகூடம் வழியாகக் கூட்டிப்போனாள். சுவரில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருந்தது.

"இது உங்க காலத்துல எடுத்தது சார். ஆளுங்க கூட்டாம விட்டுட்டாங்களாம், நம்ம சீனியர்ஸ்தான் கூட்டினாங்களாம். எங்களுக்கு மொத நாளே இதத்தான் காட்டினாங்க."

மேடையில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி போதும் என்று அவர் கேட்டிருந்தார். ஒரு பக்கம் எழுதினேன்.

துப்புரவு ஒப்பந்தத்தைக் கவனிக்கும் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். "அப்ப இருந்த கான்ட்ராக்டே இல்ல சார் இப்ப. இத்த எந்த ஃபைல்ல வெக்கிறது?" என்றார். நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார், அவ்வளவுதான்.

விசாரித்ததில், அந்தப் பெண் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜில் வேலை செய்வது தெரிந்தது. நான் போனபோது மொட்டை மாடியில் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, முத்திரை குத்திய நகலை நீட்டினேன். கை ஈரம் என்று வாங்கவில்லை.

"இத்த வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? வேலை போனா வேற வேலை. எங்க தெருவுல பாதிப் பேரு அந்த வேலைக்குத்தான் போறாங்க. அவங்க நடுவுல நான் ஏமாத்துக்காரியா ஆயிட்டேன். காலையில மஸ்டர் எடுக்கிற எடத்துக்கு வந்து படிங்க. அவங்களும் கேக்கட்டும், அந்த மேஸ்திரியும் கேக்கட்டும்."

மறுநாள் போனேன். சாலையோரப் புளியமரத்தடியில் இருபது பெண்கள் வருகைப் பதிவுக்கு நின்றிருந்தார்கள். ஒப்பந்தம் மாறியும் மேஸ்திரி அவரேதான். அந்தப் பெண்ணும் வந்து ஓரமாக நின்றார். நான் கடிதத்தைப் படித்தேன்.

"வாத்தியாரே, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல!" என்றார் ஒரு பெண். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

முடித்ததும் அந்தப் பெண் வந்து கடிதத்தை வாங்கி, பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம் கொடுத்தார். "நீ பன்னெண்டாவது படிச்சவதானே, படி. அவரு வாயால சொன்னது சரி, எழுதிக் கீறதும் அதானான்னு பாக்கணும்."

அந்த இளம்பெண் எழுத்துக்கூட்டாமல் தெளிவாகப் படித்தாள். 'எனது கவனக்குறைவால் நேர்ந்த இத்தவறு' என்ற இடம் வந்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கவனக்குறைவா? மூட்டை மேல உக்காந்திருந்த என்னை எழுப்பிவுட்டுத்தானே சார் கொட்டினீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை எழுதும்போது நான் யோசித்து எழுதவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் பேனா தானாக எழுதியது. மேஸ்திரியிடம் பேனா வாங்கி, 'எனது கவனக்குறைவால் நேர்ந்த' என்பதை அடித்தேன். மேலே 'தெரிந்தே நான் செய்த' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் தெரியும்தான்," என்றார்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்யா," என்றார் அந்தப் பெண். கடிதத்தை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, லாட்ஜுக்கு நேரமாகிவிட்டது என்று ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். பழைய வேலைக்கு அவர் திரும்பவும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

கல்லூரியில் இப்போதைய முதல்வர் என்னிடம் படித்தவர். படத்தைக் கழற்றக் கேட்டேன். "பார்க்கலாம் சார்," என்றார். அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. ஆகவே மறுபடி மறுபடி போனேன். நான்காவது முறை போனபோது ஆணி மட்டும் இருந்தது.

அதற்கடுத்த பௌர்ணமி முடிந்து, திட்டத்தை இப்போது கவனிக்கும் இளம் ஆசிரியர் போன் செய்தார். குரலில் குறை இருந்தது.

"சார், பசங்களோட எட்டு மணிக்குப் போனோம். அந்தம்மாங்க மூட்டையெல்லாம் டிராக்டர்ல ஏத்தி, மேல ஏறி உக்காந்துக்கினாங்க. 'இங்க ஒண்ணும் மிச்சமில்ல, ஏரிக்கரைப் பக்கம் போங்க, அங்க ஆரும் இன்னும் தொடல'னு சொல்றாங்க. உங்க லெட்டர வேற சொல்லிக் காட்டுறாங்க சார்."

"போனீங்களா?"

"போனோம். கூட்டி முடிக்க மத்தியானம் ஆயிடுச்சு."

இதைச் சொல்ல லாட்ஜுக்குப் போனேன். அந்தப் பெண் ஓர் அறையில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"பசங்க மூட்டையக் கட்டினாங்களா, அப்படியே வுட்டுட்டு வந்துட்டாங்களா?"

"கட்டி, வண்டியில ஏத்தினாங்களாம்."

"ம்," என்றார். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். நடைகூடம் ஈரமாக இருந்தது. அவர் துடைத்த இடத்தில் கால் வைக்காமல், சுவரோரமாக நடந்து நான் கீழே இறங்கினேன்.