கொடியில் தொங்கியது எந்தப் பக்கம்?

போன சனிக்கிழமை நான் என் மனைவியின் மானத்தைக் கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பி வைத்தேன். முத்திரைகூட ஒட்டவில்லை. எல்லாம் இன்ரநெற்றில்தான்.

பொறுங்கள், முதலில் இருந்து வருகிறேன்.

என் மனைவி சரசு போர்வை தைப்பவள். துணிக்கடையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைச் சதுரம், முக்கோணம் என்று நறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, அடியில் இன்னொரு துணியை வைத்து, இரண்டையும் சேர்த்து வரிசை வரிசையாகக் கையால் நூலோடுகிற வேலை. கனடாவில் இருக்கும் அவளுடைய மச்சாள் கௌரி இதற்குக் 'குயில்ட்' என்று பெயர் சொல்வாள். அங்கே பனிக்கு வேண்டும், சரி. எங்கள் ஊர் நெளுக்குளத்தில் எதற்கு? வைகாசி வெயிலில் இங்கே சொந்தத் தோலே ஒரு போர்வை மாதிரித்தான் இருக்கிறது. இதை ஒருமுறை சரசுவிடம் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குச் சொதியில் உப்பு இல்லை. அதன்பிறகு சொல்வதில்லை.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, ஆட்கள் புழங்கத் தொடங்கியதும், வவுனியா பஜாரில் நஸீர் நானா தன் துணிக்கடையின் பின்பக்கத்தில் இரண்டு கொம்பியூட்டர்களை வைத்தார். முன்னால் சீத்தைத் துணி, பின்னால் இன்ரநெற். வெட்டுத் துண்டு வாங்கப் போன சரசு அப்படியே பின்னாலும் போய், கௌரியின் ஈமெயில் பார்க்கப் பழகினாள். கௌரி அவளை ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். உலகம் முழுக்க இருக்கும் போர்வைக்காரிகளின் குழு. தைத்து முடித்ததைப் படம் பிடித்துப் போடுவார்கள். மற்றவர்கள் கீழே எழுதுவார்கள் – மூலை நன்றாக வந்திருக்கிறது, அந்தப் பச்சை எங்கே வாங்கினாய் என்று.

சரசு ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வரி எழுதவில்லை.

"என்ர முடியட்டும். அதோடதான் வாய் திறப்பன்" என்றாள்.

அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் அவளுடைய வேலையைப் பார்த்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி – "சரசக்கா, இது கால்மிதிக்கிறதோ?" முகம் தெரியாத அந்தப் பெண்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள். அவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள்... அதற்காகவே தைத்தாள்.

கடைசியில் முடிந்தது. ஆனால் அந்த வாரமே கிளிநொச்சியில் அவளுடைய அக்காளின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. போகாமல் இருக்க முடியுமா? குழுவுக்குப் படம் அனுப்ப வேண்டிய வாரமும் அதுதான். ஆகவே உலகத்திலேயே பொருத்தமில்லாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

"இஞ்சேருங்கோ, போர்வையைக் காத்துப்பட கொடியில விரிச்சிருக்கிறன். நானாட்டக் கமரா கேட்டனான், தாறாராம். ஒரு வடிவான படம் எடுத்து அனுப்பிவிடுங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம். உங்கட மூளையைப் பாவிக்க வேண்டாம்."

கடைசி வசனத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. அங்கேதான் பிழை.

கொடியில் பார்த்தேன். வெள்ளைத் துணி. அதில் மங்கலான நீல எழுத்துகள், ஒரு துண்டில் நேராக, ஒரு துண்டில் தலைகீழாக. ஆங்காங்கே சிவப்புக் கோடு. அதற்கு மேல் எறும்பு வரிசை போல நுண்ணிய தையல். இத்தனை காலம் மடியில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேனே தவிர, முழுதாக விரித்து நான் பார்த்ததில்லை. நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? எனக்கு ஒரு பழக்கம் உண்டு – விளங்காதது எல்லாம் உயர்ந்த கலை. வேப்பமரத்து நிழல் விழாமல், மூச்சைப் பிடித்து எடுத்தேன்.

கடையில் படத்தைப் பார்த்த நஸீர் நானா தாடியைத் தடவினார்.

"மாஸ்டர், இதில நம்மட கடைத் துணி ஒண்டையும் காணேல்லையே..."

"நவீனம் நானா. உங்களுக்கு விளங்காது" என்றேன். பாவம், நாற்பது வருஷமாகத் துணி விற்கிற மனிதர். நான் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: 'இலங்கையிலிருந்து ஒரு நவீன ஆக்கம். எழுத்துகளைக் கவனிக்கவும்.'

கவனிக்கவும்! என் கையை என்ன செய்தால் தகும்?

ஞாயிறு மத்தியானம் வானம் இருண்டது. போர்வையை எடுக்க ஓடினேன். கொடியிலிருந்து இழுத்ததும் அது புரண்டது... மறுபக்கத்தில் ஒரு திருவிழா. சிவப்பு, மஞ்சள், மயில் கழுத்து நீலம். நூற்றுக்கணக்கான முக்கோணங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நடுவில் ஒரு பூவாய் விரிந்திருந்தன. நஸீர் நானாவின் கடை முழுக்க அங்கே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் கொடியில் போடும் எதையும் உட்புறம் வெளியே வரத் திருப்பித்தான் போடுவோம். என் சேட்டு, அவளுடைய சட்டை, எல்லாமே. இந்த வெயிலுக்கு இரண்டு நாளில் சாயம் போய்விடும். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். நானே தினமும் செய்கிற வேலைதான். கலை என்றதும் மறந்துவிட்டேன்.

உலகத்துக்கு நான் காட்டியது அவளுடைய போர்வையின் பின்பக்கத்தை. அந்தப் பின்பக்கம் என்ன துணி என்று உற்றுப் பார்த்தேன். நிவாரண மாச் சாக்கு.

என் வாசகர்களுக்கு என் தைரியம் தெரியும். சமாதான காலத்திலும் தகரத்தில் தேங்காய் விழுந்தால் கட்டிலுக்கு அடியில் இருந்தபடிதான் 'என்ன சத்தம்?' என்று கேட்பவன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். பானையில் இருந்த பிட்டு முழுவதையும் சாப்பிட்டேன். பிறகு யோசித்தேன். ஆடு படம் எடுத்தது என்று சொல்லலாமா? கமரா பழுது என்று சொல்லலாமா? அவள் வருவதற்குள் அழித்துவிட்டால்? சைக்கிளை எடுத்து மழைக்குள்ளால் பஜாருக்கு மிதித்தேன்.

கடையில் கரண்ட் இல்லை.

"நானா, அனுப்பினதைத் திருப்பி எடுக்கலாமோ?"

"அது பஸ்ஸே மாஸ்டர், ஓமந்தைச் செக்பொயின்ரில மறிச்சு இறக்க? இரிங்கோ, கரண்ட் வரட்டும்."

இருந்தேன். கரண்ட் வரவில்லை. சரசு வந்தாள். பஸ்ஸால் இறங்கியவள், மழைக்கு ஒதுங்க வேறு கடை இல்லாதது போல, பலகாரப் பையோடு நேராக உள்ளே வந்தாள்.

"இஞ்ச என்ன செய்யிறியள்? முகம் ஏன் ஊறுகாய் மாதிரி இருக்கு?"

"சும்மா... நானாவோட கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

"மாஸ்டர் கரண்டுக்குக் காவல் இரிக்கிறார் தங்கச்சி" என்றார் நானா. முதல்நாள் 'உங்களுக்கு விளங்காது' என்றேனே, அதற்குரிய பதில்.

"படம் அனுப்பினியளோ?"

"ஓம்."

"வடிவா வந்ததோ?"

"எழுத்தெல்லாம் நல்ல தெளிவு" என்று வாய் தவறிவிட்டது.

"என்ன எழுத்து?"

அந்தக் கணத்தில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. எங்கள் ஊரில் கரண்ட் எப்போது வரவேண்டும் என்று அதற்குத் தெரியும்.

நஸீர் நானாவின் இன்ரநெற்றில் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக இறங்கும். முதலில் வேப்பங்கிளை. பிறகு கொடிக் கயிறு. பிறகு சரசு கொழுவிய கிளிப்புகள். பிறகு... மெல்ல மெல்ல... 'விற்பனைக்கு அல்ல' என்ற ஆங்கில எழுத்துகள், தலைகீழாக.

சரசு கதிரையில் இருந்தாள்.

இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த காலத்தில் எங்களுக்குச் சாப்பாடு அந்த மாதான். நாங்கள் அமெரிக்கன் மா என்று சொல்லும் கோதுமை மா. ரொட்டி முடிந்தாலும் சாக்கு மிஞ்சும். அவித்துத் தோய்த்துத் தலையணை உறை, பிள்ளைகளுக்குச் சட்டை, பெரியவர்களுக்கு உள்ளாடை... எல்லோரும் உடுத்தோம், ஒருவரும் ஒருவரிடமும் சொன்னதில்லை. தோய்க்கத் தோய்க்க மெதுமையாகும், ஆனால் கிழியாது. அதனால்தான் சரசு அதை அடித்துணியாக வைத்திருக்கிறாள்.

"ஆருக்கும் தெரியக்கூடாதெண்டுதானே பின்னுக்கு வச்சனான்" என்றாள், மெதுவாக.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"அழிக்கலாமோ நானா?"

"அழிக்கலாம் தங்கச்சி. கீழ கனபேர் என்னவோ எழுதியிருக்கினம். வாசிச்சிட்டு அழிப்பம்."

கழுவேறப் போகிறவன் மாதிரி நான் வாசித்தேன். முதலாவது, அமெரிக்காவிலிருந்து ஒரு வயதான அம்மா. வாசித்து அப்படியே தமிழில் சொன்னேன்:

'எங்கள் அம்மா மாச் சாக்கில்தான் எனக்குச் சட்டை தைத்தாள். எவ்வளவு தோய்த்தாலும் எழுத்துப் போகாது. மா ஆலையின் பெயரை முதுகில் சுமந்துகொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். சிரித்தார்கள். நீ அதை ஒளிக்காமல் போட்டிருக்கிறாய். உன் தையல் வரிசையைப் பார்த்து நெடுநேரம் இருந்தேன்.'

சரசு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இருபது வருஷமாக என்னோடு வாழ்கிறவள்.

"நீங்கள் சோடிச்சுச் சொல்லுறியள்."

"சத்தியமா இல்லை."

"நானா, நீங்கள் வாசியுங்கோ."

நானா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டி, தொண்டையைச் செருமி, அதையே திரும்பச் சொன்னார். அவருடைய மொழிபெயர்ப்பில் மா ஆலை மாவு மில்லாக மாறியது. மற்றதெல்லாம் சரி.

சரசு திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அப்ப... அமெரிக்காவிலயும் அமெரிக்கன் மாதான் சாப்பிட்டவையோ?"

அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவுஸ்திரேலியாக்காரி ஒருத்தி இவ்வளவு நேராகக் கையால் தைப்பது எப்படி என்று கேட்டிருந்தாள். கௌரி ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாள்: 'மச்சாள், நான் வெளிக்கிடேக்க நீ தைச்சுத் தந்த மாச் சாக்குத் தலையணை உறை இன்னும் இருக்கு. இவ்வளவு நாளும் இஞ்ச ஆருக்கும் காட்டேல்லை. இந்தக் கிழமை நானும் போடப்போறன்.'

இதைச் சரசு இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தரம் வாசிக்கும்போது பலகாரப் பையைத் திறந்து நானாவுக்கு ஒரு பயற்றம் பணியாரம் கொடுத்தாள். எனக்கில்லை.

"அழிக்கட்டோ தங்கச்சி?" என்றார் நானா வாய் நிறைய.

"கிடக்கட்டும்."

"கோடிப்பக்கத்து அறையில பழைய மாச் சாக்குக் கொஞ்சம் கட்டிக் கிடக்கு. எலிக்குத்தான் வச்சிருக்கிறன்" என்றார் நானா.

"எலிக்குச் சொல்லிவிடுங்கோ, நாளைக்கு வந்து எடுப்பன்."

பாருங்கள், நாங்கள் எல்லோரும் கொடி வழக்கத்தில் வளர்ந்தவர்கள். எதை வெளியே காட்டுவது, எதை உள்ளே திருப்புவது என்று வெயிலைப் பார்த்துப் பார்த்தே காலம் போய்விட்டது. தூரத்தில் இருக்கிற ஒருத்திக்கு நாம் ஒளித்த பக்கத்தைத்தான் அடையாளம் தெரியும் என்று யார் கண்டார்கள்? கண்டுபிடிக்க ஒரு முட்டாள் தேவைப்பட்டது. நான் தயாராக இருந்தேன்.

கடைசிக் குறிப்பில் இன்னொருத்தி கேட்டிருந்தாள்: 'அற்புதம். இதன் பின்பக்கத்தையும் ஒருமுறை காட்டுவாயா?'

நான் சரசுவைப் பார்த்தேன். அவளுடைய திருவிழா, அத்தனை முக்கோணம், அந்தப் பூ. இதைத்தானே காட்ட நினைத்தாள்?

"என்னெண்டு எழுத?"

சரசு முந்தானையால் முகத்து மழைநீரைத் துடைத்தாள். அந்தக் குழுவில் அவளுடைய முதல் வாய் திறப்பு இதுதான்:

"பின்பக்கம் சும்மா சுமார்தான், கேட்டபடியால் அனுப்புறன் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். மறுநாள் படத்தை அவளே எடுத்தாள்.

இப்போது அந்தப் போர்வை கொடியில் ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படித் தொங்குகிறது. எது முன்பக்கம் என்று நான் கேட்பதில்லை... கேட்டால் படம் எடுக்கச் சொல்லிவிடுவாள்.