வலதுபக்கம் இல்லாத கிடாய்

என் அத்தை மகன் செத்துப் பதினாறு நாள் ஆவதற்குள் ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துத் திடலில் பந்தல் போட்டு, ரேடியோ குழாய் கட்டிவிட்டார்கள். மூளையை ஆராய்ச்சி பண்ணிய பெரிய விஞ்ஞானி, வெளிநாட்டுக்காரன் எழுந்து நின்று மரியாதை செய்த ஆள், அப்படியும் கடைசிவரை பஸ்ஸில்தான் வந்து போனார், அடக்கமென்றால் அப்படியோர் அடக்கம் என்று ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துச் சொன்னார்கள். நானும் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் எழுந்தார்.

"அவுக சின்னப் புள்ளையா இருக்கையிலேயே அவுக அறிவைக் கண்டுபிடிச்சு, டவுனுக்குப் படிக்க அனுப்பி வச்சது யாரு? நம்ம ஊருய்யா!"

கை தட்டினார்கள். எனக்கு மிளகாயை அரைத்து உச்சந்தலையில் தேய்த்தது போலிருந்தது. அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேசியிருந்தால் பந்தக்காலைப் பிடுங்கியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் சொல்கிற சில வார்த்தைகளை அவள் எழுதாமல் விடுகிறாள் என்று நினைக்கிறேன். பேனா நிற்கிறது, தெரிகிறது.

ஊர் அனுப்பியதாம். அனுப்பியது உண்மைதான். தெருநாயைக் கோணியில் கட்டிக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதும் அனுப்புவதுதானே.

அத்தை என் அப்பாவின் தங்கச்சி. அவளுடைய புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போனவர், இரண்டு கடிதாசி போட்டார், அப்புறம் ஆளும் இல்லை, கடிதாசியும் இல்லை. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாததால் அத்தை பொட்டு வைத்திருந்தாள். அது ஊருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. வைத்தாலும் பேசினார்கள், ஒருநாள் தலைவலியில் வைக்க மறந்தாலும் பேசினார்கள். அவளும் மகனும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். எனக்கு எட்டு வயது, மச்சானுக்குப் பன்னிரண்டு. அவன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவான். நான் ஆடு பத்திக்கொண்டு மேய்ச்சலுக்குப் போவேன். எங்களுடையது திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் இறங்கி உள்ளே நடக்கிற ஊர். மழை பெய்தால் கரிசல் காலைப் பிடித்துக்கொண்டு விடாது, பெய்யாவிட்டால் காலையே விழுங்குகிற மாதிரி வெடித்துக் கிடக்கும்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லையாம். அப்பா கருப்பசாமிக்குக் கிடாய் நேர்ந்துவிட்டார். நல்ல கறுப்புக் கிடாய், என் பின்னாலேயே வரும், என் சட்டைப் பித்தானைத் தின்றிருக்கிறது. பொங்கல் வைக்க ஒரு மாசம் இருக்கும்போது அது சுற்ற ஆரம்பித்தது. இடதுபக்கமாகவே சுற்றும். கயிற்றில் கட்டினால் முளைக்குச்சியோடு கயிறு சுருண்டு, மூக்கு தரையில் இடிக்கிற வரைக்கும் சுற்றும். வேறு ஆடாக இருந்தால் மறுநாளே கறியாகியிருக்கும். இது நேர்ந்துவிட்ட கிடாய் இல்லையா! "சாமி எறங்கிருச்சுய்யா" என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பூசாரி மாலை போட்டார். கிடாய் மாலையையும் தின்றது.

மச்சான் மட்டும் கும்பிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். வேலிக்கருவைக் காய் ஒரு கை, அகத்திக் குழை ஒரு கை. இடதுபக்கம் நீட்டினால் கிடாய் லபக்கென்று பிடுங்கும். வலதுபக்கம் நீட்டினால் மூக்குக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் ஏறிட்டுப் பார்க்காது. ஒருநாள் என் துண்டை வாங்கி அதன் இடது கண்ணைக் கட்டினான். கிடாய் நேரே போய்ச் சுவரில் முட்டியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்காதல மாப்ள. இதுக்கு வலதுபக்கம்னு ஒண்ணே கெடையாதுடா" என்றான்.

"இந்தா இருக்கே வலதுபக்கம்" என்று நான் அதன் விலாவில் தட்டிக் காட்டினேன்.

"நமக்கு இருக்கு. அதுக்கு இல்ல."

அவன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இடது காதில் வைக்கோல் பட்டால் தலையை உதறும். வலது காதில் ஈ உட்கார்ந்திருந்தாலும் சும்மா நிற்கும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லாதே என்றும் அவன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பொங்கலன்று உச்சிவேளை, கருப்பசாமி கோயில். எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று உண்டு. கிடாயை நிறுத்தி மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் வெட்டு. உதறாவிட்டால் சாமி ஏற்கவில்லை, வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது. தண்ணீர் எடுத்து வருவது அந்த வீட்டில் பிறந்த பெண். எங்கள் வீட்டில் அது அத்தை.

கிடாய்க்கு இடதுபக்கம் பீடம். அதனால் பூசாரி வலதுபக்கம் நின்று ஊற்றினார். கிடாய் கல் மாதிரி நின்றது. இரண்டாவது சொம்பு. தண்ணீர் காதிலிருந்து சொட்டுகிறது, கிடாய் நிற்கிறது. மூன்றாவது சொம்புக்கு அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. அவர் என்னைத்தான் பார்த்தார். என் உயிருக்காக நேர்ந்த கிடாய் அது.

"தண்ணி தூக்குனது யாருப்பா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். தெரியாமல் கேட்ட கேள்வியா அது?

"புருசன் இருக்கானா இல்லையான்னே தெரியாதவ தொட்ட தண்ணிய சாமி எப்படி ஏத்துக்கும்?" என்றாள் ஒருத்தி.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "குத்தம் வீட்டுக்குள்ள இருக்கு. அத வெளிய அனுப்பிட்டு வாங்க, மறுபடி ஊத்துவோம். புள்ள வேணுமா, தங்கச்சி வேணுமா, நீங்களே பேசி முடிச்சுக்கங்க."

அத்தை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்ல இருந்தாரோ, அதற்குள் மச்சான் கூட்டத்தில் புகுந்து சொம்பை எடுத்தான். பீடத்துக்கும் கிடாய்க்கும் நடுவே நுழைந்து, இடது காதில் ஊற்றினான்.

கிடாய் கொம்பிலிருந்து வால்வரை உதறியது. பூசாரி மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர். பொம்பளைகள் குலவை போட்டார்கள். அப்பா அழுதுவிட்டார். அத்தோடு அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பூசாரிதான் விடவில்லை.

"ஏலே, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு வலதுபக்கம் செத்துப்போச்சு. தலைக்குள்ள என்னமோ கோளாறு. தண்ணி பட்டதே அதுக்குத் தெரியல" என்றான்.

"அப்ப சாமி உத்தரவு குடுக்கலங்கிற?"

குலவை நின்றுவிட்டது. மச்சான் அத்தையைப் பார்த்தான். பன்னிரண்டு வயதுப் பையன், நன்றாக யோசித்தான். சாமி கொடுக்கவில்லை என்றால் அவன் அம்மா குற்றவாளி.

"சாமிதான் குடுத்துச்சு. நான் சும்மா சொன்னேன்" என்றான்.

பூசாரி என் பக்கம் திரும்பினார். "ஆடு பத்துறவன் நீதான? இவன் அந்தக் கிடாய என்னடா பண்ணுனான்?"

எத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள்! எனக்கு ஒரே பெருமை. கண்ணைக் கட்டியது, சுவரில் முட்ட வைத்தது, காதில் வைக்கோல் விட்டது என்று ஒன்று விடாமல் சொன்னேன். நடித்தும் காட்டினேன். அதற்கப்புறம் அவன்மேல் எத்தனை கை விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பா கையும் விழுந்தது. சாமி கிடாயைச் சித்திரவதை பண்ணினவன் ஒரு வருஷம் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. தாயை விட்டார்கள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் அவன் ஊருக்கு வரும்போது, அருப்புக்கோட்டை பஸ்ஸில் யாராவது "தம்பிக்கு என்ன வேல?" என்று கேட்டால், "ஒரு ஆபீஸ்ல" என்பான். கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பான். மற்றவர்கள் தப்பாகப் பேசினாலும் திருத்த மாட்டான். இதைத்தான் மைக்கில் அடக்கம் என்கிறார்கள். உங்கள் அடக்கத்தில் இடி விழ. தெரிந்ததைச் சொன்னால் பல் உடையும் என்று நம் ஊர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவனுடைய படத்தைக் கொட்டகை உயரத்துக்குப் போட்டிருக்கிறார்களே, அதில் கீழுதட்டில் இருக்கிற தழும்பை ஒருத்தனாவது உற்றுப் பார்த்தானா?

மேலே சொல்கிறேன். கிடாயை வெட்டியாயிற்று. தலை பூசாரிக்குச் சேர வேண்டியது. அவர் இந்தத் தலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது வேம்படியில் கிடந்தது. மச்சான் ரத்தம் ஒழுகிய வாயோடு வந்து அதைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனான். நான் பின்னால் போனேன். ஒரு கல்லின்மேல் தலையை வைத்து, விறகு பிளக்கிற கோடாலியால் மெதுவாக, தேங்காய் உடைக்கிற மாதிரி, சுற்றிச் சுற்றித் தட்டினான். ஓட்டைத் தூக்கினான்.

இடதுபக்கம் மூளைக்கு மேல் ஒரு தண்ணீர்ப் பை இருந்தது. எலுமிச்சங்காய் அளவு, மெல்லிசு, உள்ளே நொய்யரிசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"பாத்தியா?" என்றான். "எடதுபக்கம் இது ஒக்காந்து அமுக்குது மாப்ள. அதான் வலதுபக்கம் தெரியல. எங்கம்மாவும் இல்ல, நானும் இல்ல, இதுதான்."

எனக்கு அருவருப்பாக இருந்தது. தூரத்தில் கறி கொதிக்கிற வாசம்.

"ஓடிப்போயி மாமாவக் கூட்டியா. மாமா ஒருத்தரு பாத்தாப் போதும், வேற யாரும் வேண்டாம். நான் நாயை வெரட்டிக்கிட்டு இங்கனயே இருக்கேன். ஓடு."

ஓடத்தான் செய்தேன். அங்கே பந்தி உட்கார்ந்துவிட்டது. ஒரு இலை காலியாக இருந்தது. இப்போது விட்டால் அடுத்த பந்திக்கு எலும்புதான் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். நல்லது கெட்டது தெரியாவிட்டாலும் அது தெரியும். உட்கார்ந்துவிட்டேன். எனக்காக வெட்டின கிடாய் என்று ஈரலை எனக்கு வைத்தார்கள். வாளியோடு அப்பா வந்தார். குனிந்து, யாருக்கும் கேட்காமல், "மச்சான் எங்கடா? சாப்புட்டானா?" என்றார். எனக்கு வாய் நிறைய ஈரல்.

"தெரியல" என்றேன்.

திரும்பிப் போனபோது அவன் குச்சியோடு உட்கார்ந்திருந்தான். சுற்றி மூன்று நாய். அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தான்.

"மாமா வரலையா?"

"வர மாட்டேன்னுட்டாரு."

அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிக் கையைக் கழுவினான். நாய்கள் தலையை இழுத்துக்கொண்டு போயின. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பா அவனை அருப்புக்கோட்டையில் ஒரு இலவச விடுதியில் சேர்க்கக் கூட்டிப்போனார். பெரிய ஆளானானே, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று என் வயதில் இருக்கிறவர்கள் இப்போது சொல்கிறார்கள். அத்தை அந்த வாரத்திலிருந்து கடைசிவரை தனியாகச் சாப்பிட்டாள். அவளிடம் போய்ச் சொல்லுங்கள் நல்லதுக்கு என்று.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். பஸ் நின்றது, கிளம்பவில்லை. அப்பா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு வார்த்தை சொன்னால் திரும்பக் கூட்டிப்போய்விடலாம் என்று இவர் காத்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவன் காத்திருக்கிறான். இரண்டு பேரும் என் அப்பாவின் சாவுவரைக்கும் அப்படியே இருந்தார்கள். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நான் அதற்கு முன்னால் பஸ் கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. "இன்னும் என்னத்துக்கு நிக்குறீக? ஏறுங்க, ஏறுங்க" என்று இரண்டு பேரையும் பின்னாலிருந்து தள்ளினேன்.